பதினோரு பேர் ஒத்துக்கொண்ட வரி

புதுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாகப் போகச் சொல்லிக் கடிதம் வந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் வகுப்பறையில் கழித்தவள். அதற்கு மேல் ஆறு வருடம் துணைத் தலைமையாசிரியை. துணைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மத்தவங்க கனவு காணுவாங்க, நான் தூக்கம் முழிப்பேன்" என்பாள்.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கணவரிடம் நீட்டினாள். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கிரீஸ் படாத சுண்டுவிரலால் கடைசிப் பத்தியைத் தொட்டுக் காட்டினார்.

"பள்ளி திறந்த ஒரு மாசத்துக்குள்ள ஆசிரியர்களோட கலந்து பேசி தொலைநோக்கை எழுதி அனுப்பணும்னு போட்டிருக்கே. தொலைநோக்குனா என்னம்மா?"

"பள்ளிக்கூடம் எப்படி இருக்கணும், எங்க போய்ச் சேரணும்னு தூரத்துல இருக்கிறதைப் பாக்கிறதுங்க."

"உன் வயசுக்குத் தூரத்துல இருக்கிறது நல்லாவே தெரியும். கிட்ட இருக்கிறதுக்குத்தான் கண்ணாடி போடணும்."

அவள் சிரித்துக்கொண்டே கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் மனசுக்குள் ஒரு துள்ளல் இருந்தது. முதல் தடவையாகக் கனவு அவள் பங்குக்கு வந்திருக்கிறது.

பள்ளிக்கூடம் இரண்டு மாடிக் கட்டடம். பெயின்ட் வாடை போகவில்லை. கதவுக் கைப்பிடிகளில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. குழாயைத் திருகினால் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் தண்ணீர் வரும். ஒன்பது ஆசிரியர்கள், ஒன்பது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது. அவிழ்த்துவிட்ட நெல்லிக்காய் மூட்டைபோல ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் கூட்டத்துக்கு அவள் நன்றாகத் தயார் செய்துகொண்டு போனாள். கல்லூரியில் படிக்கும் மகள், "படம் போட்டாதாம்மா பாப்பாங்க" என்று முப்பத்துநாலு படம் செய்து கொடுத்திருந்தாள். சூரியன் எழும்பும் கடல், மலையுச்சியில் நிற்கும் மனிதன், வரிசையாகப் பறக்கும் பறவைகள். ஒரு மணி நேரம் பேசினாள். சிறகு என்றாள், ஒளி என்றாள், சிகரம் என்றாள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. முடித்ததும் கைதட்டினார்கள்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

விளையாட்டு ஆசிரியர் எழுந்தார். "மேடம், மைதானத்துல ஒரே கல்லா கிடக்கு. யார் பொறுக்குறது?"

அடுத்து எழுந்தவர் கணக்கு ஆசிரியர். ஐம்பத்தைந்து வயதுக்காரர். எப்போதும் கையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். அதை வைத்து யாரையும் அடித்ததில்லை. ஒவ்வொரு கணக்கின் அடியிலும் கோடு போடுவதற்கும், மேஜையைத் தட்டுவதற்கும் மட்டும்தான். அவருடைய மாறுதல் உத்தரவு வந்து சேருவதற்கு முன்னாலேயே 'ஸ்கேல் சார்' என்ற பெயர் வந்து சேர்ந்திருந்தது.

"பதினேழாவது படத்துல ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு மேடம். 'கல்விகண்' இல்ல. 'கல்விக்கண்'."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடி வந்தாள். "எப்படிம்மா இருந்துச்சு?"

"கை தட்டினாங்க."

"நல்லாத் தட்டினாங்களா?"

"கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்கிற மாதிரி தட்டினாங்க."

மகள் முகம் சுண்டிப்போயிற்று. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "படம் எல்லாம் அழகாத்தான்டி இருந்துச்சு. நான்தான் அளந்துட்டேன்" என்றாள். ஒற்று விட்டுப்போனதைச் சொல்லவில்லை.

கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க டிப்போவுல எது நல்ல பஸ்ஸுன்னு கேட்டுப் பாரு. ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். எந்த பஸ்ஸை எடுக்க மாட்டேன்னு கேளு. அத்தனை பேரும் ஒரே நம்பரைச் சொல்லுவான்."

அவர் ஏதோ போகிறபோக்கில் சொன்னதுதான். அவள் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு கூட்டம். படம் இல்லை, திரை இல்லை. கிளார்க்கையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். மூலையிலிருந்தவர்களையெல்லாம் நீள மேஜையைச் சுற்றி நாற்காலி போடச் சொன்னாள்.

"ஒரே ஒரு கேள்விதான். நீங்க இதுவரைக்கும் வேலை பாத்த இடத்துல நடந்தது எது, இங்க நடக்கவே கூடாது?"

பூனைக்கு யார் மணி கட்டுவது என்கிற மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அறிவியல் டீச்சர் பெருமூச்சு விட்டுத் தொடங்கினாள்.

"ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. சாவி தலைமையாசிரியர் வீட்ல. உடைஞ்சிரும்னு ஏழு வருஷம் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தொட விடல மேடம். நான் கரும்பலகையில குடுவை வரைஞ்சே பாடம் நடத்தினேன். இப்போ கண்ணை மூடிக்கிட்டு வரைவேன்."

மடை திறந்தது. விளையாட்டு ஆசிரியர் தன்னுடைய பந்துகள் எல்லாம் ஆண்டு விழாவுக்கு மட்டும் அலமாரியிலிருந்து இறங்கி வந்த கதையைச் சொன்னார். கிளார்க், பெற்றோர்களை மூன்று நாள் அலையவிட்டு ஒரு கையெழுத்துப் போடும் கதையைச் சொன்னார். யாரும் யாரையும் பார்த்துப் பயப்படாமல் பேசினார்கள். குறை சொல்வதில் எவ்வளவு ஒற்றுமை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் சின்ன வகுப்பு டீச்சர். இருப்பவர்களிலேயே இளையவள், இரண்டு வருட அனுபவம்தான். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பிள்ளைங்கள வெளியே நிக்க வைக்கிறது."

"யாரை?"

"எதிர்வகுப்புப் பொண்ணு ஒருத்தி. தினமும் ஏதாவது ஒண்ணுக்கு வெளியே அனுப்பிருவாங்க. என் வகுப்புக்கு நேரா ஒரு தூண். அதுல சாஞ்சுக்கிட்டு நிப்பா. என் வகுப்புப் பிள்ளைங்க பேர் தெரியுறதுக்கு முன்னாடி அவ பேர் எனக்குத் தெரிஞ்சிருச்சு. வருஷக் கடைசியில பாக்கிறேன், அந்தத் தூண்ல அவ தோள் படுற உயரத்துல மட்டும் பெயின்ட் தேஞ்சிருந்துச்சு மேடம்."

ஸ்கேல் சார் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பொண்ணு வெளியே நின்னப்போ, உள்ளே இருந்த முப்பத்தொம்போது பேர் பாடம் படிச்சாங்களா இல்லையா?"

சின்ன வகுப்பு டீச்சர் முகம் சிவந்தது. "படிச்சிருப்பாங்க சார்."

"அவ்வளவுதான். நானும் அனுப்பியிருக்கேன். ஆசைக்கு அனுப்பல. ஒரு பிள்ளைக்காக முப்பத்தொம்போது பேரை விட்டுக்கொடுக்க முடியல."

அது நியாயமான கேள்வி என்று தலைமையாசிரியைக்குப் பட்டது. அவளுமே வெளியே அனுப்பியவள்தான். அனுப்பாத ஆசிரியர் யார்? ஆனால் அந்தத் தேய்ந்த தூண் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்த ஒரு விஷயத்துக்கு இரண்டு வாரம் சண்டை போட்டார்கள். ஆய்வுக்கூடச் சாவி, பந்து, கையெழுத்து எல்லாம் அரை மணியில் தீர்ந்துவிட்டது. இது மட்டும் தீரவில்லை. தேநீர் நேரத்திலும் அதே பேச்சு, மாடிப்படியிலும் அதே பேச்சு.

"கை தூக்கச் சொல்லிருங்க மேடம். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றார் கிளார்க்.

"முடிஞ்சிரும். அப்புறம் தோத்துப்போனவங்க கதவைச் சாத்திக்கிட்டு அவங்க இஷ்டத்துக்கு நடத்துவாங்க. பதினோரு பேரும் மனசார ஒத்துக்கிட்டாதான் எழுதுறது."

"அதுக்குள்ள மாசம் முடிஞ்சிருமே!"

"முடியட்டும். திட்டினா என்னைத்தானே திட்டுவாங்க."

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஸ்கேல் சார் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். பள்ளிக்கூடத்தின் வரைபடம். ஒவ்வொரு வகுப்பும் ஸ்கேல் வைத்துக் கோடு பிசகாமல் வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு வகுப்பின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரு சின்னச் சதுரம்.

"இது என்ன சார்?"

"நாற்காலி. ஒவ்வொரு வகுப்புலயும் ஒண்ணு காலியா கிடக்கும். ஒரு பிள்ளை என் வகுப்புல அடங்கலேன்னா, வெளியே அனுப்பமாட்டேன். நோட்டைக் குடுத்துப் பக்கத்து வகுப்புக்கு அனுப்புவேன். அங்க அந்த நாற்காலியில உக்காந்து ஒரு பீரியட் வேலையைச் செய்யட்டும். என் முப்பத்தொம்போது பேரும் படிப்பாங்க, அந்த ஒருத்தரும் கூரைக்குக் கீழ இருப்பாங்க." தாளைச் சரிசெய்துகொண்டார். "இதுக்குனா நான் ஒத்துக்கிறேன்."

சின்ன வகுப்பு டீச்சர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் வகுப்புக்கு யாரை வேணா அனுப்புங்க சார்" என்றாள்.

கிளார்க்தான் குட்டையைக் குழப்பினார். "நாற்காலிக்கு எங்க போறது? மாணவர் எண்ணிக்கைக்கு எண்ணி அனுப்பியிருக்காங்க. கூடுதலா கேட்டா அடுத்த வருஷம்தான் வரும்."

விளையாட்டு ஆசிரியர் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். "ஏழாம் வகுப்புக்கு இது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அறிவியல் டீச்சர் சிரித்துக்கொண்டே தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். கால் மணி நேரத்தில் ஆசிரியர் அறையில் மேஜை மட்டும் மிச்சம். அன்றிலிருந்து கூட்டமெல்லாம் நாலாம் வகுப்பு பெஞ்சுகளில்தான். ஸ்கேல் சாருக்கு முழங்கால் நெஞ்சில் முட்டும்.

கிளார்க் தட்டச்சு செய்தார்: 'இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் வாசலுக்கு வெளியே நிற்காது.' ஸ்கேல் சார் ஒற்றெல்லாம் சரியா என்று பார்த்துத் தலையசைத்தார். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே ஒரு வரி. இதை அனுப்பினால் மேலே இருப்பவர்கள் சிரிப்பார்களோ என்று அவளுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு உறையை ஒட்டிவிட்டாள்.

எடுத்த எடுப்பில் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அறிவியல் டீச்சர் வகுப்பில் சோதனை நடக்கும் நேரம் பார்த்து அங்கே அனுப்புவார்கள் என்று மொழிப் பாடத்தில் சேட்டை செய்தான். இரண்டு தோழிகள் ஒரே நாற்காலிக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொன்றையும் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசித் திருத்தினார்கள். நடைவழியில் ஒரு பிள்ளையும் நிற்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்துபோகும்.

பள்ளி திறந்து ஆறாவது வாரம் கல்வி அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை அவள் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். முந்தின நாள் நல்ல மழை. நடைவழியைக் கழுவித் துடைத்து, முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். அதிகாரியின் கார் வாசலில் திரும்புகிறது. அதே நேரத்தில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி புதிதாகக் கொத்திப் போட்ட செடிப் பாத்தியின் குறுக்கே ஓடி வந்து, சேற்றுக் காலோடு நடைவழி முழுக்க ஓடினாள். பாதிக் கட்டடம் வரைக்கும் சேற்றுத் தடம்.

தலைமையாசிரியைக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

"அறிவு இருக்கா உனக்கு? போ, வெளியே போய் நில்லு! நான் சொல்ற வரைக்கும் உள்ளே கால் வைக்கக்கூடாது!"

சிறுமி போய் நின்றாள். தலைமையாசிரியை துடைப்பத்தைத் தேடி ஓடினாள், வாசலுக்கு ஓடினாள், வணக்கம் சொன்னாள், அதிகாரியை அலுவலக அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். சிறுமியை அடியோடு மறந்துபோனாள்.

அதிகாரி மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். வருகைப் பதிவேடு, கால அட்டவணை, தீயணைப்புக் கருவி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கோப்பைப் புரட்டினார்.

"தொலைநோக்குனு ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கீங்க. மத்த பள்ளிக்கூடத்துல நாலு பக்கம் அனுப்புறாங்க."

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாங்க எல்லாரும் சேர்ந்து எழுதினது சார். இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் வாசலுக்கு வெளியே..."

சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, படிக்குக் கீழே, அந்தச் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஷூவில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

அதிகாரியும் அவள் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அப்போது ஸ்கேல் சார் படியிறங்கிப் போவது தெரிந்தது. சிறுமியிடம் குனிந்து ஏதோ கேட்டார். சிறுமி அலுவலக அறையைக் கை நீட்டிக் காட்டினாள். அவர் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நேராக அலுவலக அறைக்கு வந்தார். கதவைத் தட்டினார்.

"மன்னிக்கணும் மேடம். என் வகுப்புல நாற்காலி காலியா இருக்கு. இந்தப் பிள்ளைய கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். குரலில் குத்தல் இல்லை, முகத்தில் கேலி இல்லை. கடமையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"கூட்டிட்டுப் போங்க சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. அதிகாரி பேனாவை மூடினார்.

"அந்தப் பிள்ளைய யார் நிக்க வச்சது?"

யாரோ என்று சொல்லிவிடலாம். கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிட்டதே என அவளுக்குக் காது மடலெல்லாம் சூடாக இருந்தது.

"நான்தான் சார். நடைவழியைச் சேறாக்கிட்டாளேன்னு கோவத்துல அனுப்பினேன். அப்புறம் மறந்துட்டேன்."

"இப்போ வந்துட்டுப் போனவர் உங்களுக்குக் கீழ வேலை பாக்கிறவர்தானே?"

"ஆமா சார்."

சாத்தியிருந்த கதவை அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீ கிடைக்குமா?" என்று கேட்டார். கிளம்பும்போது பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிய கடைசி வரி இது: 'வகுப்பறைகளில் நாற்காலிகள் எண்ணிக்கைக்கு மேல் உள்ளன. அனுமதிக்கலாம். ஆசிரியர் அறைக்குப் புதிதாக அனுப்பவும்.'

கார் போனதும் அவள் ஸ்கேல் சாரின் ஏழாம் வகுப்புக்குப் போனாள். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறுமி ஓர நாற்காலியில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை பக்கத்தில் குனிந்தாள்.

"அவ்வளவு நேரம் உன்னை நிக்க வச்சிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

"பரவால்ல டீச்சர். நான் பாத்தியில ஓடினது தப்புதான். மணி அடிச்சிருச்சு, அதான் குறுக்கு வழியில வந்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "இங்க பாருங்க டீச்சர், ஏழாம் வகுப்புக் கணக்கு எனக்கும் வருது."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள்தான் முதலில் பேசினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஸ்கேல் சார், நீங்க வந்தது எனக்கு..."

"நாளைக்கு நான் மறந்தா நீங்க வரணும்ல மேடம்" என்றார் அவர். "அதுக்கு ஒரு முன்பணம்னு வச்சுக்குங்க."

"சார் பேரு ஸ்கேல்னு வச்சது சும்மா இல்ல" என்றார் விளையாட்டு ஆசிரியர். "தலைமையாசிரியையே கோணலா போனாலும் நேராக்கி விட்டுருவாரு!" அறையே சிரித்தது. சின்ன வகுப்பு டீச்சர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். "இந்த வாரம் எனக்கு ஒரு கொட்டு விழுந்துச்சுங்க. அதிகாரிக்கு முன்னாடி."

"யார் வச்சது?"

"எங்க கணக்கு சார். ஒத்துக்கவே மாட்டேன்னு இருந்தாரே, அவரு."

"கொட்டு வாங்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே வர்ற?"

"அதான் எனக்கும் புரியல. வெக்கமாவும் இருக்கு, சந்தோஷமாவும் இருக்கு." ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அந்த வரி அவளைவிட்டுப் போய்விட்டது. இனிமேல் அவள் தனியாகக் காவல் காக்க வேண்டியதில்லை. வேறு பத்துப் பேரும் அதை வைத்திருக்கிறார்கள். அவளே அதை மிதித்தால்கூடத் தடுப்பார்கள். ஆறு வருடம் துணையாக இருந்தபோது இப்படி ஒரு நிம்மதி அவளுக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பெற்றோர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டதில் கூட்டத்துக்கு இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. காத்துக்கொண்டிருப்பார்களே என்று நாலாம் வகுப்புக்கு வேகமாக நடந்தாள். மாடிப்படியிலேயே சத்தம் கேட்டது. அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட வரும் பெற்றோர்கள் வெயிலில் நிற்கலாமா, அவர்களை உள்ளே விட்டால் மைதானம் என்ன ஆகும் என்று அறிவியல் டீச்சரும் விளையாட்டு ஆசிரியரும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். கிளார்க் கரும்பலகையில் யார் சொன்னதையோ எழுதி, யார் சொன்னதையோ அழித்துக்கொண்டிருந்தார்.

அவள் வந்ததைப் பார்த்தும் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. பின்வரிசையில் சின்ன வகுப்பு டீச்சர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். தலைமையாசிரியை முழங்காலை மடக்கி அந்தக் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு பக்க வாதத்தையும் கேட்டாள். தனக்கு என்ன தோன்றுகிறது என்று யோசித்துவிட்டு, பேசுவதற்குத் தன் முறை வரட்டும் என்று கையைத் தூக்கினாள்.